பதினோராவது இடத்தில் ஏழரைத் தெரு

ஏழரைத் தெரு,
பொன்னுரங்கம் நகர்,
திருவொற்றியூர், சென்னை.
12-7-2003

அன்பு தோஸ்து ஷிஜிக்கு,

செங்கொடி எழுதிக்கறது. இங்க நான், ஜெயவேலு, பாப்பா மதி மூணு பேரும் நல்லா கீறோம். நீயும் ஜெபின் அண்ணனும் அந்த ஸ்காட்லாந்து குளுருல ஒடம்ப பாத்துக்கங்க. போன வாரம் அரிசி மண்டிக்குப் போயிருந்தேன். உங்கப்பா ராசையா மாமா உங்க ரெண்டு பேரு கல்யாண போட்டோவ கல்லாவுக்கு மேல மாட்டி வச்சிகினு கீறாரு. பாத்துட்டு, வரும்போது அரை கிலோ பச்சரிசி சும்மாவே கட்டிக் குடுத்தாரு.

நலம் விசாரிச்சாச்சி. இப்ப சண்டைக்கு வரேன்.

உன் ரிப்போர்ட்டு கமிட்டி ஆபீசுக்கு வந்து, எனக்கு ஒரு ஜெராக்ஸ் குடுத்தாங்க. மேல உன் யுனிவர்சிட்டி முத்திரை, கீழ உன் கையெழுத்து. எனக்கு சந்தோசமாதான் இருந்துது. நம்ம கூட எம்.எஸ்சி. ஸ்டாடிஸ்டிக்ஸ் படிச்ச பொண்ணு, தெக்கத்தி பேச்சு பேசினாலும் நம்ம திருவொத்தியூர் பொண்ணு, இத்தினி பெரிய எடத்துல குந்திகினு நம்ம ஊரு புள்ளைங்களுக்குக் கணக்கு போட்டுக் குடுத்துகீதேன்னு ஜெயவேலாண்ட காட்டினேன். அப்பறம் மூணாவது பக்கத்த புரட்டினேன்.

பத்தாவது தெருவுலதான் புள்ளைங்களுக்கு வீசிங் அதிகமாம். எங்க ஏழரைத் தெருவுல பரவாயில்லையாம். இன்னாமே இது?

நாம பண்ண வேலைய உனக்கே நான் சொல்லணும் போல கீது. சொல்றேன், கேட்டுக்க. லாரி யார்டு காம்பவுண்டு செவுத்த ஒட்டி எண்ணெ டேங்கருங்க ரெண்டு பக்கமா லைன் கட்டி நிக்குது. ஒரு பக்கம் பத்தாவது தெரு, இன்னொரு பக்கம் நாங்க. மணலி ரிஃபைனரிக்கு லோடு எடுக்கப் போற வண்டி, டோக்கன் வர்ற வரைக்கும் இஞ்சின நிறுத்தாம பொகைய வுட்டுகினே நிக்கும். மனு குடுத்தோம், மறியல் பண்ணோம், போலீசு லத்திய பாத்தோம். கடைசில ஒரு கமிட்டி போட்டாங்க. இனிமே ஒரு பக்கந்தான் வண்டி நிக்கணும், எந்தப் பக்கம் புள்ளைங்களுக்கு ரொம்ப மோசமோ அந்தப் பக்கத்துலேர்ந்து எடுத்துடலாம், அதுக்குக் கணக்கு கொண்டாங்கன்னாங்க. வருசம் பூரா நான் வூடு வூடா போயி புள்ளைங்கள மூச்சு அளக்கற மீட்டர்ல ஊத வச்சி எழுதிகினு வந்தேன். வெயில் காலம், மழ காலம், பனி காலம். டைப் பண்ணி உனக்கு அனுப்பினேன். நீ மாடல் போட்டு எந்தத் தெரு எவ்ளோ மோசம்னு சொல்றேன்ன.

சொல்லிட்ட. அதும்படி பாத்தா பத்தாவது தெருவாண்ட நிக்கற வண்டி அத்தினியும் எங்க வாசலுக்கு வரும். செப்டம்பர் பத்தாந்தேதி கமிட்டி கூடி கையெழுத்துப் போடுது.

பத்தாவது தெருவுக்கு எதுத்தாப்ல மைதானம், அதுக்கு அந்தாண்ட கடலு. காத்து வந்து பொகைய அட்ச்சிகினு போயிடும். நாங்க குந்திகினு கீறது ரெண்டு செவுத்துக்கு நடுவுல. எங்க தெருவுல ஊத சொன்னா மீட்டர் முள்ளு நகராது, ஷிஜி. நான் கண்ணால பாத்தேன். மதி பள்ளிக்கூடத்து மாடிப்படியில பாதியில குந்திக்குது, மத்த புள்ளைங்க தாண்டிகினு போவுது. நீ இன்னா பண்ணன்னு எனக்குத் தெரியணும். உடனே எழுது.

உன் மேல கோவத்தோட, உன் தோஸ்து,
செங்கொடி


அபர்டீன்,
24-7-2003

என் பிரியமுள்ள மக்கா செங்கொடி,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா மண்டியில் உனக்கு அரிசி கட்டிக் கொடுத்ததைப் படிச்சு அழுகை வந்துட்டு. எனக்கு இங்க கிடைக்கது என்னமோ ஒட்டுற அரிசிதான். ஜெபின் அதையே ருசியா இருக்குன்னு சாப்பிடுவாவ. மதிக்கு என் முத்தம்.

உன் கோபம் எனக்குப் புரியுது. ஆனா கோபம் வேற, கணக்கு வேற. நீ உன் தெருவுல குடியிருக்க, உன் பிள்ளைக்கு இளைக்குது. உனக்கு உன் தெருதான் பெருசாத் தெரியும். அதனாலதான் மாடல் போடுதோம். நம்ம காலேஜ் மேடம் சொன்னது மறந்துட்டா? கண்ணு பார்த்ததை மட்டும் நம்பாதேன்னு.

நான் ஏனோதானோன்னு செய்யல, கேட்டியா. தெருவுக்குத் தெரு எவ்வளவு மோசம்னு மாடல் தர்ற பாராமீட்டர் எல்லாம் அரேன்னு ஒரு பெரிய எண் அடுக்கில வரும். ஹவுசிங் போர்டு வீட்டுக்கு பிளாக், மாடி, கதவுன்னு மூணு நம்பர் சொல்லுவோம்லா, அதுமாதிரி இதுக்கும் மூணு நம்பர். முதல் நம்பர் எத்தனையாவது தடவை குலுக்கினதுன்னு சொல்லும், ஏன்னா ஒரே பாராமீட்டருக்கு ஆயிரக்கணக்கான தடவை குலுக்கிப் பார்த்து எண் எடுக்கோம். ரெண்டாவது நம்பர் எந்தத் தெரு. மூணாவது எந்தக் காலம். சதுர அடைப்புக்குள்ள இந்த மூணையும் கமா போட்டு எழுதினா, அங்க உள்ளதை நம்ம 'ஆர்' சாஃப்ட்வேர் எடுத்துத் தரும். ஒரு இடத்தைச் சும்மா விட்டா அந்த வரிசை முழுசையும் தரும்.

b[ , 11, 3]

இப்படி எழுதினா, தெருவில பதினோராவது, காலத்தில மூணாவது, அதாவது பனிக்காலம். குலுக்கினது அத்தனையும் வரும். நீ அனுப்பின ஷீட்ல ஏழாவது தெருவுக்குப் பிறகு உன் ஏழரைத் தெரு 7A-ன்னு வருது, அப்புறந்தான் எட்டு, ஒன்பது, பத்து. அப்ப பதினோராவது இடத்துல இருக்கது பத்தாவது தெரு. 7A நுழைஞ்சதால ஒண்ணு தள்ளிப்போகும்னு நான் கவனமா தள்ளித்தான் எடுத்தேன். இதுக்கு மேல எப்படி கவனமா இருக்க?

என் ப்ரொஃபசர் இந்த வேலையை ரொம்ப மெச்சினார். செப்டம்பர் நடுவுல ஒரு மாநாட்டில் வாசிக்கப் போறேன். இந்த டிபார்ட்மெண்ட்ல கறுப்பா இருக்கது நான் ஒருத்திதான். ஒரு தடவை நல்லா இருக்குன்னு சொல்ல வைக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. நீ சந்தோஷப்படுவேன்னு நினைச்சேன்.

உனக்கு நம்பிக்கை இல்லைன்னா நீயே பாரு. எழுதின புரோகிராமையும் அரே ஃபைலையும் நீ வேலை செய்யுத மஜீது பாயோட கம்ப்யூட்டர் சென்டர் ஈமெயிலுக்கு அனுப்பிட்டேன். 'ஆர்' அங்க இருக்கு, போன வருஷம் நான் கொடுத்த சிடிதான். பார்த்துட்டு சமாதானமா ஒரு கடிதம் போடு.

என்றும் உன்,
ஷிஜி


பொன்னுரங்கம் நகர்,
9-8-2003

ஷிஜி,

பாத்தேன். சமாதானமா கடுதாசி போட முடியாது.

நேத்து வெள்ளிக்கெழம, மஜீது பாய் தொழுகைக்குப் போயிருந்தாரு. அந்த நேரத்துல அவரு சென்டர்ல கிளாஸ் கெடையாது, நான் மட்டுந்தான். டைப்பிங் சொல்லிக் குடுக்கற மிஷின்லயே உன் ஃபைல தொறந்தேன். நீ ரொம்ப நீட்டா எழுதிகீற, அதுக்கு ஒண்ணும் கொற இல்ல. ஆனா நீ தெருவ எண்ணினியே தவிர, 'ஆர்' எப்படி எண்ணிச்சின்னு கேட்டியா? நான் கேட்டேன். மாடலுக்குள்ள போவும்போது தெருங்கள எந்த வரிசையில நிக்க வச்சன்னு ஒரே ஒரு வரி போட்டேன். இதான் பதிலு:

1, 10, 11, 12, 2, 3, 4, 5, 6, 7, 7A, 8, 9

இன்னொரு தபா படி. ஒண்ணுக்கு அப்பறம் பத்து.

ஏன்னு உனக்கு நான் சொல்ற நெலமைக்கு வந்துட்டோம், பாரு. ஷீட்டுல தெரு நம்பர் கீற பத்தியில ஒரே ஒரு எடத்துலதான் ஒரு எழுத்து கீது, அந்த 7A. ஒரு எழுத்து கலந்துட்டா அந்தப் பத்தி மொத்தத்தையும் 'ஆர்' வார்த்தையாதான் எடுத்துக்கும். நம்பர் இனிமே நம்பர் இல்ல. வார்த்தைய அகராதியில அடுக்கற மாரி அடுக்கும். அதுல பத்தும் பதினொண்ணும் பன்னெண்டும் ஒண்ணுல ஆரம்பிக்கறதால ரெண்டுக்கு முன்னாடி வந்து குந்திக்கும். நீ என் ஷீட்ட பாத்து எண்ணிகினு பதினோராவது எடத்த எடுத்த. அது அடுக்கி வச்ச வரிசையில பதினோராவதா யாரு? வெரல வச்சி எண்ணு. நாங்க. ஏழரைத் தெரு.

நீ பத்தாவது தெருன்னு கமிட்டிக்கு சொன்ன நம்பரு எங்க புள்ளைங்க ஊதின நம்பரு, ஷிஜி. எங்களுக்குன்னு நீ போட்டது எட்டாவது எடம், அங்க கீறது அஞ்சாவது தெரு. லாரி பொகையே எட்டிப் பாக்காத தெரு. மதிக்கு வந்த இளைப்ப தூக்கி வேற தெருவுக்குக் குடுத்துட்டு, அந்தத் தெருவ காப்பாத்த மிச்ச லாரியையும் மதியாண்டயே அனுப்பற. நல்லா கீதுமே உன் நியாயம்.

அந்த அரேயில பேர ஒட்டி வச்சிட்டு b[ , "7A", 3] ன்னு கேட்டிருந்தா முடிஞ்சிது. ரெண்டு மேற்கோள் குறி, அவ்ளோதான். எத்தினாவது எடம்னு கேட்டா அங்க யாரு குந்திகினு கீறானோ அவன்தான் வருவான். பேர சொல்லிக் கூப்ட்டா அந்தாளுதான் வருவான். காலேஜ்ல அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது நம்பர சொல்லிக் கூப்ட்டா நீ எழுந்திரிக்க மாட்ட. பேர சொல்லுங்க மேடம்னு நிப்ப. அப்ப உனக்கு அவ்ளோ ரோஷம். எங்களுக்கு மட்டும் நம்பர் போதுமா?

நான் திருப்பி எடுத்த டேபிள இத்தோட வச்சிகீறேன். எங்க தெருதான் மொதல்ல. பத்தாவது தெரு கடைசிக்கு ரெண்டு மூணு தள்ளி. நீ சரி பாரு. சரி பாத்துட்டு, மொத ரிப்போர்ட்டு தப்பு, இதான் சரின்னு உன் முத்திரையோட கையெழுத்து போட்டு செப்டம்பர் பத்தாந்தேதிக்குள்ள கமிட்டிக்கு அனுப்பு. நான் அனுப்பினா ஏத்துக்க மாட்டாங்க. போயி கேட்டேன். நீ அந்தத் தெருவுல குடியிருக்கற பொம்பள, வெளிநாட்டுல போட்ட கணக்க தப்புன்னு சொல்ல நீ யாருன்னு கேக்கறாரு அந்த ஆபீசரு. நானும் அதே எம்.எஸ்சி.தான்னேன். சிரிக்கறாரு.

இன்னொரு பேஜாரு. பத்தாவது தெரு தேவப்பிரியம் அக்கா வந்து என்னாண்ட கைய புடிச்சிகினு, "ரிப்போர்ட்டு எங்களுக்கு நல்லதா வந்துகீது, நோண்டாத செங்கொடி, என் பேரனுக்கும் இருமலு"ன்னுது. நான் இன்னா சொல்லுவேன், சொல்லு. உன் தப்பு ஒண்ணு எங்க ரெண்டு தெருவையும் மூஞ்சிக்கு மூஞ்சி நிக்க வச்சிட்சி.

செங்கொடி


அபர்டீன்,
20-8-2003

அன்புள்ள செங்கொடி,

உன் கடிதத்தை ஜெபினிடம் கூடக் காட்டவில்லை. இப்படி ஒரு கடிதம் நீ எனக்கு எழுதுவேன்னு நான் நினைச்சதே இல்ல.

வரிசை மாறியிருக்கு. பார்த்தேன். அதை நான் மறைக்கல. ஆனா ஏன் மாறிச்சின்னு யோசிச்சியா? ஷீட் அனுப்பினப்பவே உன்கிட்ட சொன்னேன், 7A-ன்னு ஒரு தெரு மேப்பிலயே கிடையாது, அதை ஏழாவது தெருவோட சேர்த்துரு, பன்னிரண்டு தெருவா சுத்தமா வச்சுக்கலாம்னு. நீ கேக்கல. பிடிவாதம் பிடிச்ச. அது மட்டும் இல்லைன்னா அந்தப் பத்தி முழுக்க நம்பராவே இருந்திருக்கும், வரிசையும் ஒழுங்கா இருந்திருக்கும், இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. ஒரு 7A-க்காக எல்லாம் கலைஞ்சு போச்சு. இதை நான் மட்டும் சுமக்கணும்னு நீ சொல்றது நியாயம் இல்ல.

ப்ரொஃபசரிடம் லேசா சொன்னேன். மாநாடு முடியட்டும், தெருப் பேர் ஒட்டினதுல உள்ள சின்னப் பிசகுதானே, அடுத்த பதிப்பில் திருத்திக்கலாம்னு சொல்லுதார். என் உதவித்தொகை புதுப்பிக்கிற நேரம் இது. முத்திரை போட்ட கடிதத்தில் என் ரிப்போர்ட் தப்புன்னு இப்ப நானே எழுதி அனுப்பினா இங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? கொஞ்சம் பொறு. கமிட்டி இன்னைக்கு ஒண்ணு சொல்லும், நாளைக்கு மாத்தும். நம்ம ஊர்ல எந்த ஆர்டர்தான் உடனே நடந்திருக்கு.

நீ என் நிலைமையையும் கொஞ்சம் பாரு. மதியை நல்ல டாக்டரிடம் காட்டு. அப்பாவிடம் சொல்லியிருக்கேன், என்ன உதவி வேணும்னாலும் மண்டிக்குப் போய்க் கேளு.

ஷிஜி


ஏழரைத் தெரு,
பொன்னுரங்கம் நகர்,
29-8-2003

ஷிஜி,

உதவி கேக்க உங்கப்பா மண்டிக்கு நான் வரமாட்டேன். உன்னாண்ட நான் கேட்டது உதவி இல்ல. நீ போட்ட கணக்க நீ திருத்தணும்னு கேட்டேன்.

இன்னா எழுதிகீற நீ? எங்க தெருவாலதான் உன் கணக்கு கலைஞ்சிதா? நாங்க இல்லாம இருந்திருந்தா எல்லாம் சுத்தமா இருந்திருக்குமா? கடுதாசிய ஜெயவேலு படிச்சிட்டு, சட்டைய மாட்டிகினு ஹார்பருக்கு வேலைக்குப் போயிட்சி. அது கோவப்பட்டா கத்தும். கத்தாம போனா அதுக்கும் மேல.

ஏழரைன்னு பேரு எப்படி வந்துதுன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சே எழுதிகீற. எங்க பழைய குடிச எரிஞ்சப்ப, போக்கிடம் இல்லாம ஏழாவது தெருவுக்கும் எட்டாவது தெருவுக்கும் நடுவுல கீற சந்துல பந்தல் போட்டு குந்தினோம். தற்காலிகம்னான் ஆபீசரு. மதி அங்கதான் பொறந்துது. ஓட்டு வாங்க வரும்போது எங்களுக்கு 7A ன்னு நம்பர் குடுத்தான், ஓட்டு முடிஞ்சதும் ஏழுன்னுட்டான். ஏழாவது தெருக்காரனாண்ட போனா, நீங்க எங்க தெரு இல்லன்றான். தபால்காரரு ஏழுல குடுத்துட்டுப் போயிடறாரு, நாங்க போயி கெஞ்சி வாங்கிகினு வரணும். மத்த தெரு ஆளுங்க ஏழரை நாட்டு சனின்னு சிரிக்கறானுங்க. அவனுங்க சிரிக்கட்டும், அவனுங்க என் தோஸ்து இல்ல.

ஏழோட சேத்துடுன்னு நீ சொன்னப்ப நான் ஏன் முடியாதுன்னேன்? ஏழாவது தெரு ஓரமா கீது, லாரி செவுரு அவங்களுக்குப் படாது. அவங்க புள்ளைங்க நல்லா ஊதும். எங்க புள்ளைங்கள அவங்களோட கலந்து சராசரி எடுத்தா ரெண்டும் நடுத்தரமா வந்து நிக்கும், எங்க இளைப்பு அதுல கரைஞ்சி போயிடும். இது பிடிவாதம் இல்ல, இது பாடம். ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில குந்திகினு படிச்ச பாடம்.

ஒரு தெருவோட பேருல எழுத்து இருந்தா கணக்கு ஒடைஞ்சி போவும்னா, கணக்கு போடறவ கவனிக்கணும். 'ஆர்' மேல எனக்குக் கோவம் இல்ல. அது சொன்னபடி செஞ்சிது. எந்த வரிசைன்னு கேட்டதும் மறைக்காம சொல்லிட்சி. நீ சொல்லமாட்டேன்ற.

சின்னப் பிசகாம். உங்க ப்ரொஃபசரு வாசல்ல ஒரு டேங்கர் லாரிய நிறுத்தி இஞ்சின ஓட வுட்டு, இது சின்னதா பெருசான்னு கேளு. அடுத்த பதிப்புல திருத்துவியாம். எங்க புள்ளைங்க எந்தப் பதிப்பு வரைக்கும் மூச்ச புடிச்சிகினு நிக்கணும்? நீ அங்க ஒருத்தியா நின்னு கஷ்டப்படறது எனக்குத் தெரியாதா? தெரியும். யாரும் கணக்குல எடுக்காத ஆளா நிக்கறது எப்படின்னு எனக்கு நீ சொல்லித் தரவேணாம். அது தெரிஞ்ச நீயே எங்கள கணக்குலேர்ந்து தள்ளிட்டியேன்னுதான் எனக்கு வயிறு எரியுது.

பத்தாந்தேதி நான் கமிட்டிக்குப் போவேன். என் டேபிள எடுத்துகினு போவேன். தொரத்தினா வாசல்ல நின்னு படிப்பேன். நீ அனுப்பினா அனுப்பு, அனுப்பாட்டி போ. இனிமே உன் கையெழுத்துக்கு நான் காத்துகினு இருக்கமாட்டேன்.

செங்கொடி


ஏழரைத் தெரு,
பொன்னுரங்கம் நகர்,
12-9-2003

ஷிஜிக்கு,

கமிட்டி கூடிச்சி. இன்னா நடந்துதுன்னு உனக்கு யாரும் சொல்லமாட்டாங்க, அதனால எழுதறேன்.

காலையிலயே போயி நின்னோம். எங்க தெரு ஆளுங்க ஒரு பக்கம், பத்தாவது தெரு ஆளுங்க ஒரு பக்கம். தேவப்பிரியம் அக்கா என்ன பாத்துட்டு மூஞ்ச திருப்பிகிச்சி. நான் டேபிள கையில வச்சிகினு, தொரத்தினா இன்னா பேசறதுன்னு மனசுக்குள்ள சொல்லிகினே குந்தியிருந்தேன். அந்த ஆபீசரு வந்து ஒரு தாள எடுத்தாரு. மொத நாள் ராத்திரி ஃபேக்ஸ் வந்துதாம், அபர்டீன்லேர்ந்து. இங்கிலீஷ்ல படிச்சாரு. முந்தின அறிக்கையில் தெருக்களின் வரிசை தொடர்பாக ஒரு பிழை நேர்ந்துள்ளது, இணைப்பில் உள்ள பட்டியலே சரியானது, திருமதி செங்கொடி சுட்டிக்காட்டியுள்ளார், வருந்துகிறோம். கீழ உன் கையெழுத்து.

எங்க தெருவுல ஒருத்தருக்கும் புரியல. எனக்குப் புரிஞ்சிது. கையில இருந்த டேபிள மடிச்சி வச்சிகினேன்.

எங்க பக்கம் இனிமே வண்டி நிக்காதுன்னு ஆர்டர் போட்டாங்க. அத்தினியும் பத்தாவது தெருவு பக்கம். நான் எழுந்து, அந்தப் பக்கமும் புள்ளைங்கதான கீது, யார்டுக்கு உள்ள அவ்ளோ எடம் காலியா கெடக்குது, உள்ள நிறுத்தச் சொல்லுங்கன்னேன். உங்களுக்கு வேண்டியது கெடச்சாச்சில்ல, குந்தும்மான்னாரு. குந்தல. இஞ்சின ஆஃப் பண்ணிட்டுதான் நிக்கணும்னு மட்டும் ஒரு வரி சேக்க வச்சேன். அத்த எந்த டிரைவரு மதிப்பான், சொல்லு. தேவப்பிரியம் அக்கா வெளிய வந்து என் எதுருல மண்ண வாரித் தூத்திட்டுப் போச்சி. நான் ஜெயிச்சிட்டேன்னு ஜெயவேலு மாலை வாங்கிகினு வந்துது. போட்டுக்கல.

எங்க தெரு இப்ப கம்முன்னு கீது. நேத்து மதி ராத்திரி முழுக்க தூங்கிச்சி. பத்தாவது தெருவுல மீட்டர எடுத்துகினு மறுபடியும் ஊத வைக்க ஆரம்பிக்கணும். வூட்டுக்குள்ள வுடுவாங்களோ இல்லியோ, வாசல்லயாவது நிக்கறேன். அந்த மாடலையும் நானே போட்டுக்கறேன்.

இப்ப உன் விசயம். நீ அனுப்பினதுக்கு நான் நன்றி சொல்லணும்னு ஜெயவேலு சொல்லுது. எங்க தெருவு சார்பா சொல்லிட்டேன்னு வச்சிக்க. ஆனா எனக்கு ஆத்திரம் தணியல. முன்ன விட இன்னும் கொஞ்சம் ஏறிகீது.

பிழை நேர்ந்துள்ளதா? எப்படி நேந்துது? மழ பேஞ்ச மாரி தானா நேந்துதா? வருந்துகிறோமா? எத்தினி பேரு நீங்க? என்னாண்ட நீ எழுதினது வேற. உன் பிடிவாதத்தாலதான், உன் தெருவாலதான்னு எனக்கு எழுதினியே, அத்த இன்னும் நீ வாபஸ் வாங்கல. யாரோ ஒரு ஆபீசருக்கு ராத்திரியோட ராத்திரியா ஃபேக்ஸ் அடிக்கத் தெரியுது, எனக்கு ஒரு வரி எழுதத் தெர்ல. நீ மனசு மாறினது எனக்கு எப்படித் தெரியுது? என்ன பாத்து சிரிச்ச அந்தாளு வாயாலதான். அவன் உன் பேர தப்பா வேற படிச்சான், சிஜின்னு.

கணக்குல யாரு வேணா தப்பு பண்ணலாம். நானும் பண்ணுவேன், பத்தாவது தெருவுல பண்ணாலும் பண்ணுவேன். அதுக்கு இல்ல நான் ஆடறது. எங்களாலன்னு சொன்ன பாரு, அதுக்குத்தான்.

அந்த ஒரு வரிய எனக்கு எழுது. இங்கிலீஷ்ல வேணாம், முத்திரையும் வேணாம். அது வர்ற வரைக்கும் நான் உனக்கு எழுதமாட்டேன். உங்கப்பா கேட்டா நல்லா கீறேன்னு சொல்லிக்கறேன்.

செங்கொடி


அபர்டீன்,
25-9-2003

செங்கொடி,

ஏழரைத் தெருவால எதுவும் கலையல. கலைச்சது நான். எந்த வரிசைன்னு பார்க்காம எண்ணினது நான், தெரிஞ்ச பிறகு உன் மேல தூக்கிப் போட்டதும் நான்.

ஆபீசுக்கு எழுதினது ஒரே மூச்சுல வந்துட்டு. உனக்கு எழுத உக்காந்தா கை வரல. அந்த ஆபீசர் என்னை மன்னிச்சா என்ன, மன்னிக்காட்டா என்ன, கேட்டியா. உன்கிட்ட அப்படி இல்ல. நீ மாட்டேன்னு சொல்லிருவியோன்னு பயந்து ஃபேக்ஸை அங்க அனுப்பிட்டு இங்க ஒளிஞ்சுக்கிட்டேன்.

மாநாட்டுக்குப் போகல. கட்டுரையை வாபஸ் வாங்கிட்டேன். ப்ரொஃபசர் இப்ப என்கிட்ட சரியாப் பேசறது இல்ல. உதவித்தொகை என்ன ஆகும்னு தெரியல. இதை நீ பாவம் பார்க்கணும்னு சொல்லல, நீ எல்லாத்தையும் எழுதின, அதனால நானும் எழுதுதேன்.

தேவப்பிரியம் அக்கா வீட்டுல உன்னை உள்ள விடலைன்னா, தப்பு பண்ணினது அரிசி மண்டி ராசையா மகள்தான்னு அவங்ககிட்ட என் பேரைச் சொல்லு. அப்பாவிடம் நானே சொல்லிட்டேன்.

இதுக்குப் பதிலா எவ்வளவு வேணும்னாலும் திட்டி எழுது, மக்கா. எழுதாம மட்டும் இருந்துராத.

ஷிஜி